மாணவர் மன்றம் மலைக்குக் கூட்டிப்போகலாமா?

மார்ச் 4, காலை 10.15 (ஒரு வாசகரின் கேள்வி)

என் மகள் படிக்கும் இடத்தில் சாகசப் பயண மன்றம் ஒன்று இருக்கிறது. மலையேற்றம், காட்டு முகாம், ஆற்றில் படகு என்று அடிக்கடி ஏதாவது ஏற்பாடு செய்கிறார்கள். நடத்துகிறவர்கள் எல்லாம் இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள். இதை மாணவர்கள் கையில் விடவே கூடாது என்பது என் கருத்து. காசு கொடுத்து ஒரு தொழில்முறை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால் பெற்றவர்களுக்கு நிம்மதி. யாராவது மறுக்க முடியுமா?

மார்ச் 4, இரவு 9.20

மறுக்கிறேன். படிக்கும்போது இப்படி ஒரு மன்றத்தில்தான் கிடந்தேன். படிப்பு முடிந்த பிறகும் புதிதாகத் தலைவராகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போய்வருகிறேன்.

மாணவர்கள் தாங்களே சேர்ந்து மலைக்குப் போவது நேற்று முளைத்த பழக்கம் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மலையேறும் மன்றம் 1905-இல் தொடங்கியது, ஆக்ஸ்ஃபோர்டு மன்றம் 1909-இல். அதே 1909-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஃப்ரெட் ஹாரிஸ் என்ற மாணவர், குளிர்காலத்தில் பனியில் வெளியே போக ஒரு மன்றம் வேண்டும் என்று கல்லூரிப் பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். அந்த மன்றம் இன்றும் நடக்கிறது. புதிதாகச் சேரும் மாணவர்களை வகுப்பு தொடங்குமுன் வெளியே அழைத்துப்போகும் வழக்கம் அங்கே 1935-இல் வந்தது. அழைத்துப்போகிறவர்களும் மாணவர்கள்தான். அமெரிக்காவின் கிழக்கு மலைகளில் நீளும் அப்பலேச்சியன் நடைபாதையில் 50 மைலுக்கு மேல் புதர் வெட்டி, விழுந்த மரம் அகற்றிப் பராமரிப்பதும் அந்த மன்றமே.

அடுத்து, காசு கொடுத்தால் நிம்மதி என்கிறீர்களே, அது. 1993 மார்ச் 22-ஆம் தேதி, இங்கிலாந்தின் லைம் விரிகுடா. ஒரு தனியார் சாகச மையம் பள்ளி மாணவர்களைக் கயாக் படகில் கடலுக்கு அழைத்துப்போனது. காற்று படகுகளைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விட்டது. பதின்ம வயதினர் நால்வர் இறந்தார்கள். அந்த மையத்தில் வேலை பார்த்து விலகிய பயிற்சியாளர்கள், பாதுகாப்பு சரியில்லை என்று அதற்கு முந்தைய ஆண்டே எழுதிக் கொடுத்திருந்தார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு வழக்கு, தண்டனை, இப்படிப்பட்ட மையங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று 1995-இல் ஒரு சட்டம்.

எல்லா நிறுவனமும் இப்படி என்று சொல்லவில்லை. நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் ரசீது கையில் இருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. மாணவர் மன்றத்திடம் எதையெல்லாம் கேட்க வேண்டுமோ, அதையெல்லாம் நிறுவனத்திடமும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மார்ச் 5, காலை 7.05

ராத்திரி எழுதியதைத் திரும்பப் படித்தேன். எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு வாதாடக்கூடாது.

1971 நவம்பர், ஸ்காட்லாந்தின் கெயர்ன்கார்ம் பீடபூமி. எடின்பரோ பள்ளிப் பிள்ளைகள் வார இறுதிக்கு வந்தவர்கள். ஒரு குழுவை வழிநடத்தியவர் இருபதை ஒட்டிய வயதுள்ள கல்லூரி மாணவி, உதவிக்கு இன்னும் இளையவர் ஒருவர். மேலே இருந்த சிறிய குடிலை அடைந்து இரவு தங்குவது திட்டம். பனிப்புயலில் குடிலை எட்ட முடியவில்லை. திறந்தவெளியில் இரண்டு இரவு. ஐந்து பிள்ளைகளும் உதவித் தலைவரும் இறந்தார்கள். தலைவரும் ஒரு மாணவரும் பிழைத்தார்கள்.

அப்படியானால் நீங்கள் சொல்வதுதான் சரியா? வயதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சம்பவத்தை எத்தனை முறை படித்தாலும் என் கண் போய் நிற்பது அந்தக் குடிலில். போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது என்ற நினைப்புதான் குழுவை மேலே இழுக்கிறது. குடில் இல்லையென்றால் அந்த வானிலையில் யாராவது மேலே தங்கத் திட்டம் போடுவார்களா? பின்னாளில் அந்தக் குடிலையே இடித்து அகற்றிவிட்டார்கள்.

நான் பயிற்சி கொடுக்கும்போது இந்தச் சம்பவத்தை ஒரு முழு மாலை பேசுவோம். கயிறு, முடிச்சு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மார்ச் 5, பிற்பகல் 1.40

"அப்படியானால் தலைவராக என்ன தகுதி வேண்டும்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

திரும்பிப் போகலாம் என்று சொல்லத் தெரிய வேண்டும். சும்மா வாயால் சொல்வது இல்லை. பன்னிரண்டு பேர் உச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அவர்களில் பாதிப் பேர் நண்பர்களாக இருக்கும்போது, சொல்ல வேண்டும்.

ஒரு பயணத்தில் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். தலைவர் இறுதியாண்டு மாணவி. நான் கூடப் போன பழைய ஆள், அவ்வளவுதான். மலைமுகட்டில் தூறலும் காற்றும். முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் மழைச்சட்டை ஜிப்பை மாட்டப் பார்க்கிறான். கீழ் முனை குழிக்குள் போகவில்லை. மறுபடி செருகுகிறான், நழுவுகிறது. மறுபடி. எல்லாரும் அவனைக் கடந்து நடந்துகொண்டிருந்தோம். அந்தப் பெண் நின்றார். "குளிருதாடா?" "இல்லக்கா." "சரி, கட்டை விரலால சுண்டு விரலைத் தொடு பார்ப்போம்." தொட முடியவில்லை. விரல்கள் பாதி வழியில் நின்றுவிட்டன.

பையனுக்குக் குளிரவில்லை என்றே தோன்றியிருக்கிறது. அதுதான் இதில் உள்ள ஆபத்து. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க ஆரம்பித்தால் புத்தியும் மந்தமாகும். தடுமாறுவான், பொருளைக் கைதவற விடுவான், முணுமுணுப்பான், காரணமில்லாமல் எரிந்து விழுவான். இந்த நான்கில் இரண்டைக் கண்டாலே நிறுத்த வேண்டும். அவர் நிறுத்தினார். தார்ப்பாயை விரித்து எல்லாரையும் அதற்குள் உட்காரவைத்தார். பையனின் ஈரச் சட்டையைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டார், அடியில் முதுகுப்பையைப் போட்டு உட்காரவைத்தார், இனிப்பு கொடுத்தார். கால் மணி நேரத்தில் பேச்சு தெளிந்தது. உடனே இறங்கினோம். உச்சி கண்ணுக்கெதிரே இருந்தது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை, ஏனென்றால் எல்லாரும் அந்தக் கையைப் பார்த்திருந்தார்கள்.

அவருக்கு வயது இருபத்தொன்று.

மார்ச் 6, இரவு 8.50

நேரக் கணக்கு கேட்டவர்களுக்கு. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி 24 நிமிடமும் ஒன்றரை மணியும் சேர்ந்து கிட்டத்தட்ட 4 மணி நேரம்.

இது நல்ல பாதையில் நடந்து பழகியவருக்கு, ஓய்வு சேர்க்காமல். புதியவர்கள் உள்ள குழுவுக்குப் பாதி கூட்டி 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இருட்டும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எந்த மணிக்கு எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும் என்பது அதில் கிடைக்கும். அதைக் கிளம்பும் இடத்திலேயே எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும். மேலே போய் முடிவெடுக்கலாம் என்று வைத்தால் மேலே யாரும் முடிவெடுப்பதில்லை.

மார்ச் 7, காலை 6.30

பாதி கூட்டினால் போதும் என்றது சின்னக் குழுவுக்குத்தான் பொருந்தும். பெரிய குழு என்றால் நடையைவிட நிற்பதில்தான் நேரம் போகும். ஓர் ஓடையைக் கடக்க ஆளுக்கு 3 நிமிடம் என்றாலும் 12 பேருக்கு 36 நிமிடம். திரும்பும்போது இன்னொரு 36. ஒருவர் ஷூ கயிறு கட்ட நின்றால் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஆள் எண்ணிக்கையைக் குறைப்பதைவிட நல்ல நேர மேலாண்மை எனக்குத் தெரியாது. நாற்பது பேரை ஒரே வரிசையாகக் கூட்டிப்போகும் மன்றங்கள் இருக்கின்றன. அது வேண்டவே வேண்டாம்.

ஓடை என்றதும் இன்னொன்று. காலையில் முழங்கால் அளவு இருந்தது என்பதால் மாலையிலும் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போது மேற்பகுதியில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். 2008 ஏப்ரல் 15, நியூசிலாந்தின் மாங்கடெபோப்போ பள்ளத்தாக்கு. திடீர் வெள்ளத்தில் ஆறு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் போய்விட்டார்கள். அந்தப் பயணத்தை நடத்தியதும் முறையான வெளிப்புறப் பயிற்சி மையம்தான். தண்ணீர் கலங்க ஆரம்பித்தாலோ குச்சியும் சருகும் மிதந்து வர ஆரம்பித்தாலோ பேச்சே வேண்டாம், மேட்டுக்கு ஏறுங்கள்.

மார்ச் 7, காலை 6.50

கடைசி ஆளைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. வரிசையின் முன்னால் போகிறவரைவிடப் பின்னால் வருகிறவர் கெட்டிக்காரராக இருக்க வேண்டும். கொப்புளம், மூச்சிரைப்பு, அழுகை எல்லாம் பின்னால்தான் தங்கும். முதலுதவிப் பை அவரிடம் இருக்கட்டும். அவருக்கு முன்னால் எல்லாரும், அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. இந்த ஒரு விதியை மீறாமல் இருந்தாலே ஆள் தொலைவது முக்கால்வாசி நின்றுவிடும்.

மார்ச் 9, இரவு 10.30

ஒரு பேராசிரியர் தனியாக எழுதிக் கேட்டார், மாணவர் மன்றத்தின் உண்மையான பலவீனம் எது என்று. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நினைவு தங்குவதில்லை. அதுதான். மூன்று நான்கு ஆண்டுகளில் மொத்த மன்றமும் மாறிவிடுகிறது. எந்தச் சரிவில் பாதை மழைக்கு அறுந்துவிடும், எந்த ஊற்று கோடையில் வற்றும், எந்தக் கூடாரத்தின் கம்பி விரிசல் விட்டிருக்கிறது என்பதெல்லாம் பட்டமளிப்பு விழாவோடு வெளியே போய்விடுகிறது. அடுத்த குழு அதே பள்ளத்தில் அதே காலை வைக்கிறது. நிறுவனத்தில் பத்து வருடம் வேலை பார்த்தவர் ஒருவராவது இருப்பார். மன்றத்தில் இருக்க மாட்டார்.

இதற்கு மருந்து ஒரு நோட்டுப் புத்தகம். பயணம் முடிந்து வந்த ராத்திரியே, குளிக்கும் முன்னாலேயே எழுதிவிட வேண்டும் என்பது எங்கள் மன்றத்தில் வழக்கம். எத்தனை மணிக்கு எங்கே இருந்தோம், எங்கே தண்ணீர் கிடைத்தது, யாருக்கு என்ன ஆயிற்று. முக்கியமாக, ஆகியிருக்கக்கூடியது என்ன. கல் உருண்டு ஒருவர் தோளை உரசிப் போனதா, எழுதுங்கள். காயம் இல்லை என்பதற்காக விட்டுவிட்டால் அடுத்த வருடம் அந்தக் கல் வேறொருவர் தலையைத் தேடும். பெயர் போட வேண்டாம், பழி போட வேண்டாம். நடந்தது மட்டும்.

கயிற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பாறை ஏறும் கயிறு பார்க்க நன்றாக இருக்கிறதா என்பது போதாது. உற்பத்தியான ஆண்டு, யார் எப்போது எடுத்துப்போனார்கள், ஏறியவர் பலமாக விழுந்ததைத் தாங்கியதா என்று வரிசையாக இருக்க வேண்டும். எடுத்து ஒருமுறைகூடப் பயன்படுத்தாவிட்டாலும் 10 ஆண்டுக்கு மேல் வைத்திருக்காதீர்கள் என்பது பல தயாரிப்பாளர்கள் சொல்வது. மன்றத்து அலமாரியில் எந்தக் காலத்துக் கயிறு என்றே தெரியாத ஒன்று எப்போதும் தொங்கும். அதை வெட்டிப் போடுங்கள். முழுசாகத் தூக்கி எறிந்தால் யாராவது எடுத்துவந்து ஏறுவார்கள்.

கயிற்றைச் சோதிப்பது கண்ணால் இல்லை, கையால். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலுக்கு நடுவே முழு நீளத்தையும் மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் சட்டென்று மெத்தென ஆகும், அல்லது தட்டையாகும், மடித்தால் வளையாமல் நறுக்கென்று ஒடிந்து மடியும். வெளி உறை பளபளவென்று இருந்தாலும் உள்ளே இழைகள் போய்விட்டன என்று அர்த்தம். ஜூனியர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதைவிட, அப்படி ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டு அவர்கள் விரலில் கொடுத்துவிடுவேன்.

மார்ச் 10, காலை 7.15

ராத்திரி எழுதியதற்கு ஓர் எதிர்வாதம் எனக்கே தோன்றுகிறது. நினைவு அதிகமாக இருந்தாலும் ஆபத்துதான். அயன் மெக்கம்மன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்துப் பார்த்தார். நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள்கூடத் தங்களுக்குப் பழகிய சரிவில் கூடுதல் ஆபத்தை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று கண்டார். போன வருடம் ஒன்றும் ஆகவில்லை, முந்தைய வருடமும் ஆகவில்லை, ஆகவே இந்த வருடமும் ஆகாது. "நம்ம மலைதானே" என்ற பேச்சு ஒரு கூட்டத்தில் காதில் விழுந்தால் உடனே வரைபடத்தை விரிக்கச் சொல்லுங்கள்.

தலைவருக்கு எல்லாம் தெரியும் என்று மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வதும் மெக்கம்மன் சொன்ன காரணங்களில் ஒன்று. சீனியர் என்ற சொல்லுக்கு மாணவர்களிடம் இருக்கும் மரியாதை கீழே நல்லதுதான். மேலே அது வேண்டாம். முதல் பயணம் வருகிறவரும் "எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொன்னால் குழு நிற்க வேண்டும்.

மார்ச் 11, மாலை 5.45

ஒரு தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டது: கழிப்பறை, மாதவிடாய், தனிமை. இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்று தெரியாமலே பல பெண்கள் பெயர் கொடுப்பதில்லை.

தலைவர் கேட்காமலே சொல்ல வேண்டும், ஆண் பெண் எல்லாரும் இருக்கும் கூட்டத்திலேயே. தண்ணீர், பாதை, முகாம் மூன்றிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி. முடிந்ததும் மூடிவிட வேண்டும். நாப்கினைப் புதைக்கக்கூடாது, விலங்கு தோண்டிவிடும். உள்ளே தெரியாத கெட்டியான பையில் போட்டுக் கீழே கொண்டுவர வேண்டும். அந்தப் பைகள் மன்றத்தின் பொதுப்பொருளாக, எடுக்க யாரிடமும் கேட்க வேண்டாத இடத்தில் இருக்கட்டும். சிறுகரண்டி மண்வெட்டியை ஒரு குறிப்பிட்ட மரத்தடியில் வைத்துவிட்டால், அது இல்லாதபோது ஆள் போயிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு நடந்து மயங்கிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். வெட்கத்தால் வரும் மயக்கம் அது, மலையால் இல்லை. மன்றம் அதைத் தடுத்திருக்கலாம்.

மார்ச் 12, இரவு 9.00

கொஞ்சம் சிரிக்கலாம். பை எடை பற்றிக் கேட்டார்கள். முகாமில் படிக்கப்போகிறேன் என்று மூன்று தடித்த பாடப்புத்தகங்களைச் சுமந்து வந்த தம்பி ஒருவன் உண்டு. ஒரு பக்கம் திறக்கவில்லை. ஆனால் அந்தக் கூடாரத்திலேயே உயரமான தலையணை அவனுடையதுதான், ராத்திரி பூராவும் மற்றவர்கள் பொறாமையோடு பார்த்தார்கள். தேர்விலும் தேறிவிட்டான்.

எடை விஷயத்தில் ஒன்று மட்டும். கனமானது முதுகை ஒட்டி, நடுவில். உறங்குபை அடியில். மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே, பையைக் கொட்டாமல் எடுக்கும்படி.

மார்ச் 14, காலை 8.10

இங்கே யாரும் கேட்காத ஒன்று: வண்டி. மலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டு நாள் நடந்து, கூடாரத்தில் அரைகுறையாகத் தூங்கி, மறுநாள் காலை வகுப்பு என்பதற்காக ராத்திரியோடு ராத்திரியாக மாணவரே வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்புவதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பாறையில் கயிறு கட்டி ஏறுகிறவர்கள் வண்டியில் தூக்கத்தோடு ஓட்டுகிறார்கள். ஓட்டுகிறவர் மலைக்கே வராத ஆளாக இருக்கட்டும், இல்லையென்றால் கீழே ஓர் இரவு தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். ஒரு நாள் வகுப்பு போனால் போகட்டும்.

மார்ச் 15, இரவு 9.40

முதலில் கேட்ட ஐயா மறுபடி வந்திருக்கிறார். "எங்களிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள், எது நடந்தாலும் மன்றம் பொறுப்பல்ல என்று. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

அந்தப் படிவத்தால் மலையில் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை, ஐயா. வாங்க வேண்டிய படிவம் வேறு. ஆஸ்துமா உண்டா, இன்ஹேலர் பையின் எந்த அறையில் இருக்கிறது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, தினமும் என்ன மாத்திரை, நீச்சல் தெரியுமா, வீட்டில் யாரைக் கூப்பிடுவது. அதில் ஒரு பிரதி தலைவரிடம், ஒன்று கடைசி ஆளிடம், ஒன்று பயணத்துக்கு வராமல் கீழே இருக்கும் ஒருவரிடம்.

அந்தக் கீழே இருப்பவர் யார் என்று மன்றத்தைக் கேளுங்கள். பாதை வரைபடம், ஆட்களின் பட்டியல், திரும்பும் நேரம், எத்தனை மணி வரை அழைப்பு வராவிட்டால் மீட்புக்குத் தகவல் கொடுப்பது என்ற நேரம், இவை அவர் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். பெயரைச் சொல்லிவிட்டார்கள் என்றால் மகளை அனுப்புங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றால் அந்தப் பயணத்துக்கு வேண்டாம், சரியாகும்வரை காத்திருக்கட்டும்.

மார்ச் 16, காலை 6.40

அழைப்பு வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எத்தனை மணி நேரம் என்பதைப் பயணத்துக்குப் பயணம் தலைவர்தான் வைக்க வேண்டும். பகல் நடைக்கு இருட்டிய பின் இரண்டு மணி நேரம் நாங்கள் வைப்பது. ஆனால் வைத்த பிறகு கீழே இருப்பவர் அதை நீட்டக்கூடாது. "செல்போனில் சார்ஜ் இருந்திருக்காது", "டீ குடிக்க நின்றிருப்பார்கள்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம்தான் வீணாகும் நேரம். மணி ஆனதும் கூப்பிட்டுவிட வேண்டும். குழு பத்து நிமிடம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினால் மறுபடி கூப்பிட்டு வந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். மீட்புக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மேலே மாட்டிக்கொண்டவர்களுக்கு விசில் கணக்கு: நிமிடத்துக்கு 6 முறை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி 6. பதிலுக்கு நிமிடத்துக்கு 3 வந்தால் கேட்டுவிட்டது என்று அர்த்தம். பதில் வந்துவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள், ஆட்கள் கண்ணில் படும்வரை ஊதிக்கொண்டே இருங்கள். அவர்கள் சத்தத்தை வைத்துத்தான் வருவார்கள். டார்ச்சுக்கும் இதே கணக்குதான்.